பிலோமினா அக்காவின் முகமும் என் கையும்

அன்புள்ள மகனே, தம்பி,

சுகமா என்று கேட்பதற்கு முன்னால் நம் பிள்ளைகளைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்கு எழுதக் கை ஓடாது. உன் தங்கை மகன் சேவியரை அரியலூர் சிமெண்டு கம்பெனியில் நிரந்தரம் செய்துவிட்டார்கள். மஞ்சள் தொப்பியோடு வீட்டுக்கு வந்து, அதைக் கழற்றாமலே என் காலில் விழுந்தான். அவன் தங்கை ரோஸ்லின் பன்னிரண்டாம் வகுப்பில் பள்ளிக்கூடத்திலேயே முதலாவது வந்தவள், திருச்சியில் நர்சிங் சேர்ந்துவிட்டாள். உன் மூத்தவள் ஜெனிபர் காலேஜில் இங்கிலீசில் பேசிக் கோப்பை வாங்கியதை மருமகள் ஸ்டெல்லா ஃபோனில் அனுப்பியிருந்தாள். ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் திரும்பத் திரும்பக் கேட்டேன். உன் சின்னவன் ஓட்டத்தில் மாவட்டத்திலேயே இரண்டாவது. முதலாவது வந்தவனுக்குக் கால் நீளம் என்று கேள்விப்பட்டேன். அரியலூரில் உன் பெரியம்மா பிலோமினா அக்காவின் பேரனும் டாக்டருக்குப் படிக்கிறான். நியாயத்துக்காக அதையும் எழுதுகிறேன். பல் டாக்டர்தான்.

இதையெல்லாம் ஃபோனில் சொல்லலாமே என்பாய். ஃபோனில் நான் முக்கியமான இடத்துக்கு வரும்போதெல்லாம் உனக்குக் கல்லாவில் ஆள் வந்துவிடுகிறது. "அப்புறம் பேசறேம்மா" என்று வைத்துவிடுகிறாய். காகிதத்தை அப்படி வைத்துவிட முடியாது, வைத்தாலும் மேசை மேல் கிடந்து உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கும். நான் உன் தங்கை வீட்டுக்கு, இந்த வரதராஜன்பேட்டைக்கு வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. "எதுக்கும்மா கோச்சுக்கிட்டுப் போனே?" என்று நீ கேட்கும்போதெல்லாம், பேரப்பிள்ளைகளைப் பார்க்க வந்தேன் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். நம் ஓட்டலுக்காக எடுத்த அந்த ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பி வந்தேன் என்பது உனக்கும் தெரியும். படம் எடுத்த திருச்சிப் பெண் நித்யா மறுபடி வரப்போகிறாள் என்று ஸ்டெல்லா சொன்னாள். அவள் வருவதற்கு முன் இது உன் கைக்கு வந்து சேர வேண்டும். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். எழுத்து கோணலாக இருந்தால் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படி.

எல்லாவற்றுக்கும் ஆரம்பம் பிலோமினா அக்காதான். நானும் அவளும் ஒரே வீட்டுக்கு மருமகள்களாக வந்தவர்கள். அவள் மூத்தவருக்கு, நான் இளையவருக்கு. அவர்கள் அரியலூரில் லாட்ஜ் வைத்தார்கள். உன் அப்பாவும் நானும் பெரம்பலூரில் நாலு ரோட்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டோம். நீ தலையெடுத்து, கீழே ஓட்டலும் மேலே ரூம்களுமாகக் கட்டி நிமிர்த்திய பிறகுதான் விசேஷங்களில் நான் அவள் பக்கத்தில் தைரியமாக உட்கார ஆரம்பித்தேன். அந்த நிம்மதியும் போன வருஷம் ஒரு ஞானஸ்நான விருந்தில் போயிற்று. பந்தியில் பக்கத்தில் இருந்தவள் ஃபோனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "பாருடி, எங்க ரூமெல்லாம் நெட்டுல போட்டுருக்கோம்." அவள் லாட்ஜில் நான் படுத்திருக்கிறேன், தம்பி. ஃபேன் ராத்திரி முழுக்க முனகும், பாத்ரூம் வாளிக்குப் பிடி கிடையாது. படத்தில் பார்த்தால் கலெக்டர் வந்து தங்கும் பங்களா மாதிரி இருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் மெத்தை மேல் பால் ஊற்றியது போல விழுந்திருக்கிறது. அந்த ஜன்னலைத் திறந்தால் சாக்கடை என்பது எனக்கல்லவா தெரியும்! "சிமெண்டு கம்பெனிக்கு வர்ற ஆபீசருங்கெல்லாம் இதைப் பாத்துட்டுத்தான் ரூம் போடறாங்க. உங்க ஓட்டல் படமும் பாத்தேன். யாரோ சாப்புட்ட எலையைப் புடிச்சுப் போட்டுருக்காங்களே, அதானே?" என்றாள். என் இலையில் பிரியாணி இருந்தது. அதற்குப் பிறகு ஒரு வாய் இறங்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன்னைப் பிடித்தேன். நமக்கும் படம் வேண்டும், அவளுடையதைவிட வெளிச்சமாக வேண்டும். நீ சொன்னது சரியான யோசனைதான். ஓட்டல், லாட்ஜ் மட்டுமே எடுக்கிற ஆட்கள் இருக்கிறார்கள், விசாரித்துக் கூப்பிடலாம் என்றாய். "அதுக்குன்னு தனியா ஒரு ஆளா? கல்யாணத்தை எடுக்குறவன் கட்டிலை எடுக்க மாட்டானா?" என்று கேட்டு, பாடாலூரில் ஸ்டுடியோ வைத்திருக்கும் என் தம்பி மகன் ராபர்ட்டைக் கூப்பிட வைத்தது நான்தான். அந்தப் பழியை ஸ்டெல்லா மேல் போடாதே. ராபர்ட் ஆசையாகத்தான் செய்தான். கட்டில் மேல் ரோஜா இதழ் தூவினான். துண்டை இரண்டு அன்னமாக மடித்து ஒன்றை ஒன்று கொஞ்ச வைத்தான். கல்யாண ஆல்பம் போலவே ஒவ்வொரு ரூமையும் ஓர் இதயத்துக்குள் அடைத்துக் கொடுத்தான். ஜன்னல் வழியாகப் பரோட்டாக் கடை தெரிகிறது என்று அதை அழித்துவிட்டு அங்கே ஓர் அருவியைக் கொட்டவிட்டான். எனக்கு அது பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கங்கைகொண்ட சோழபுரம் பார்க்கச் சென்னையிலிருந்து ஒரு தம்பதி வந்தார்களே, நினைவிருக்கிறதா? நீ நீட்டிய சாவியை வாங்காமல், "அருவி தெரியுற ரூமா குடுங்க சார்" என்று அந்த மனுஷர் கேட்டபோது நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய். நான் சட்னியில் உப்புப் பார்க்க உள்ளே போய்விட்டேன். அது எப்படித்தான் அரியலூருக்குப் போனதோ, மறுநாள் காலையிலேயே ஃபோன். "ஏண்டி, பெரம்பலூருல அருவி கொட்டுதாமே! சோப்பு எடுத்துக்கிட்டு வரவா?"

அதற்குப் பிறகுதான் நித்யா வந்தாள். உனக்கு நாளைக்கு இன்னொரு கட்டடம் வரும், இன்னொரு படக்காரர் வருவார், அதனால் அவளிடம் நாம் கற்றதை மறந்துவிடாதே. அவள் விலை சொல்வதற்கு முன்னால் கேள்வி கேட்டாள். எத்தனை விதமான ரூம், படத்தை எங்கெங்கே போடப் போறீங்க, யார் வந்து தங்கணும்னு நினைக்கிறீங்க என்று கேட்டாள். கடைசிக் கேள்விக்கு நீ யோசிப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன்: "அரியலூருக்குப் போறவங்க அத்தனை பேரும்." அவள் சிரிக்காமல் எழுதிக்கொண்டாள். பிறகு ஒரு கறவை மாட்டு விலையைச் சொன்னாள். "கன்னுக்குட்டி விலைக்கு வாம்மா" என்றேன். அவள் கூலியைக் குறைக்கவில்லை, வேலையைக் குறைத்தாள். "எல்லா ரூமையும் எடுக்க வேணாம்மா. ஏசி ரூம்ல ஒண்ணு, ஏசி இல்லாததுல ஒண்ணு, குடும்பமா தங்குறதுல ஒண்ணு. அப்புறம் வாசல், டைனிங் ஹால். ஒரு நாள் மிச்சமாகும்." இது எனக்குத் தெரியாத கணக்கு. விலை கேட்கும் முன் என்னென்ன படம் வேண்டும் என்று நாமே உட்கார்ந்து யோசித்திருந்தால் அவள் சொல்லி நாம் தெரிந்துகொள்ள வேண்டியிருக்காது. அவள் முன்னால் எடுத்த திருச்சி லாட்ஜுக்கு நீ நேரில் போய், படத்தில் இருப்பது அங்கே இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தாயே, அதுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. படத்தை எங்கே போடலாம், எத்தனை காலம் போடலாம், வண்டிச் செலவும் சாப்பாடும் யாருடையது என்பதையெல்லாம் எழுதி வாங்கினாய். நானாக இருந்தால் வாய்ப்பேச்சில் விட்டிருப்பேன். ஆனால் கடைசியில் எழுதவைத்த ஒரு வரி என்னுடையது. மாடி ஹாலுக்குப் பெயிண்ட் அடித்த பிறகு அரை நாள் வந்து, கூலி கேட்காமல் எடுத்துக் கொடுக்க வேண்டும் என்று நின்றேன். நித்யா உன் முகத்தைப் பார்த்தாள், நீ கூரையைப் பார்த்தாய். "சரிம்மா, உங்களுக்காக" என்றாள். அந்த அரை நாளை மறந்துவிடாதே, பின்னால் அந்தப் பேச்சுக்குத்தான் வருகிறேன்.

இன்னொன்று. படக்காரருக்குக் கொடுப்பதை மட்டும் ஒதுக்கிவைத்துவிட்டுச் செலவு முடிந்தது என்று இருந்துவிடாதே. புது விரிப்பு, ஒரே நிற வெளிச்சம் தரும் பல்பு, கறை படிந்த சுவருக்குச் சுண்ணாம்பு என்று அது கூடவே வால் மாதிரி வரும். நித்யா முந்தின நாளே வந்து கேமராவை வெளியே எடுக்காமல் ஒவ்வொரு ரூமாக நடந்தாள். காசு வாங்கிக்கொண்டு சும்மா சுற்றுகிறாளே என்று எனக்கு எரிந்தது. பிறகு ஸ்டெல்லாவைக் கூப்பிட்டு, பிளாஸ்டிக் பூவை எடுங்க, பழைய காலண்டரைக் கழட்டுங்க, விரிப்பைக் கட்டில் மேலேயே போட்டுத் தேய்ங்க என்றாள். ஸ்டெல்லா "சரிக்கா, சரிக்கா" என்று ஓடி ஓடிச் செய்தாள். அந்தக் காலண்டரைக் கழற்று என்று நான் எத்தனை வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்! மாமியார் சொன்னால் காதில் விழாதது கேமராக்காரி சொன்னால் விழுகிறது. அன்றைக்கு எனக்கு நித்யா மேலும் பொறாமைதான்.

பிலோமினா அக்காவை வரவழைத்ததும் நான்தான், தெரியுமா? அது உனக்குத் தெரியாது. முந்தின நாள் சாயங்காலம் வாய் சும்மா இல்லாமல் அவளுக்கு ஃபோன் போட்டு, "நாளைக்குத் திருச்சிலேருந்து ஆள் வருதுக்கா. ஓட்டலுக்குன்னே படம் புடிக்கிற ஆளு. எல்லாரையும் எடுத்துட மாட்டாங்களாம்" என்றேன். "அப்படியாடி, நல்லது நல்லது" என்றாள். காலையில் நான் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருக்கும்போது கல்லா முன்னால் கிளிப்பச்சைப் பட்டுச்சேலையில் நிற்கிறாள். "கண்ணு ஆஸ்பத்திரிக்கு வந்தேன்டி. அப்படியே உன்னையும் எட்டிப் பாத்துட்டுப் போவலாம்னு." கண்ணுக்குச் சொட்டு மருந்து போட்டுக்கொள்ளப் பட்டு கட்டி வருகிற பெண்பிள்ளையை நீ எங்கேயாவது பார்த்திருக்கிறாயா? என் கடுகு நிறப் பட்டும் தேய்த்துக் கதவில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. வாசலில் நம் போர்டுக்குக் கீழே கைகூப்பி நிற்பதாக மனசுக்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். "வாசலுக்குச் சாயங்காலம்தான் நல்ல வெளிச்சம் வரும்மா, அப்ப கட்டிக்கிட்டு வாங்க" என்று நித்யா சொல்லியிருந்தாள். சாயங்காலம் வந்தது மழைதான்.

அதற்குள் காலையிலேயே எல்லாம் முடிந்துவிட்டது. டைனிங் ஹாலை எடுக்க வந்த நித்யா ஜன்னலோர மேசையைப் பார்த்துவிட்டு, "ஆளே இல்லாம எடுத்தா ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும். யாராவது இங்க உக்காந்து காபி குடிக்கணும்" என்றாள். நான் முந்தானையில் மஞ்சளும் தலையில் எண்ணெயுமாக நின்றேன். பிலோமினா அக்கா அதற்குள் நாற்காலியை இழுத்துவிட்டாள். "நான் வேணா உக்காரவா பாப்பா? எனக்கொண்ணும் அவசரமில்ல." மாஸ்டர் காபி கொண்டுவந்தார். படம் எடுப்பதற்குள் நுரை செத்துப்போயிற்று. இன்னொன்று கொண்டுவந்தார், அதுவும் செத்துப்போயிற்று. "நுரை நிக்கணும்ணே" என்று நித்யா சொன்னதும் எனக்குப் பொறுக்கவில்லை. நம் காபியையா நுரை நிற்காத காபி என்பது! "தள்ளுப்பா" என்று டம்ளரையும் டபராவையும் பிடுங்கிக்கொண்டு நானே ஆற்றி ஊற்ற ஆரம்பித்தேன். நுரை நின்றபோது அக்கா கண்ணை மூடினாள். கண் திறந்திருந்தபோது ஏதாவது பேசினாள். நான் மறுபடி ஊற்றினேன். "சூப்பர்மா! கையை இன்னும் கொஞ்சம் மேல தூக்குங்க" என்று நித்யா சொல்லச் சொல்ல, கேமரா என்னைத்தான் பார்க்கிறது என்று சந்தோஷத்தில் தூக்கிக்கொண்டே போனேன். "போதும்டி, என் பட்டுல ஊத்திடாதே!" என்று அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் நித்யா அமுக்கினாள்.

படம் வந்தபோது நீயும் ஸ்டெல்லாவும் கைதட்டினீர்கள். நல்ல படம்தான், நான் இல்லை என்று சொல்லவில்லை. ஜன்னல் வெயில், பித்தளை டபரா, அதன் மேல் நுரை, அதற்குப் பின்னால் வாய்நிறையச் சிரிக்கும் பிலோமினா அக்கா. ஓரத்தில், மேலேயிருந்து, மணிக்கட்டு வரைக்கும் நான். நீ அதையே எல்லாவற்றுக்கும் முதல் படமாக ஏற்றினாய். நான் கேட்டபோது என்ன சொன்னாய்? "அது பெரியம்மான்னு யாருக்கும்மா தெரியும்? யாரோ தங்க வந்தவங்கன்னுதான் நினைப்பாங்க. காபி ஊத்துறது நீதானே." "கையிலே பேரா எழுதியிருக்கு?" என்று கேட்டேன். உனக்குக் கல்லாவில் ஆள் வந்துவிட்டது. அன்றைக்கே அவள் அந்தப் படத்தை நம் சொந்தக்காரர் அத்தனை பேருக்கும் அனுப்பியிருந்தாள். கீழே என்ன எழுதியிருந்தாள் தெரியுமா? "நம்ம ஓட்டலில் காலைக் காபி." நம்ம! மறுநாள் முதல் பஸ்ஸில் நான் இங்கே வந்துவிட்டேன்.

பொறாமை பாவம் என்பது தெரியாமல் இல்லை. இங்கே கோயிலில் ஃபாதரிடம் பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்தில் அதைத்தான் சொன்னேன். 'அருள் நிறைந்த மரியே' செபத்தை ஐந்து தடவை சொல்லச் சொன்னார், முழங்காலில் நின்று சொல்லிவிட்டு வந்தேன். மனசும் லேசாகத்தான் இருந்தது. வாசலில் அவரே நின்றிருந்தார். மகன் ஓட்டல் எப்படி நடக்கிறது என்று கேட்டார். பெருமைக்கு ஃபோனை எடுத்துக் காட்டினேன். உற்றுப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லாருக்கே! இந்தம்மாதான் முதலாளியம்மாவா?" என்றார். நான் திரும்பவும் உள்ளே போய், இனிமேல் படப்போகிற பொறாமைக்கும் சேர்த்து இன்னொரு ஐந்து சொல்லிவிட்டு வந்தேன்.

இங்கே வேலை குறைவு. மத்தியானத்தில் அந்தப் படத்தை எடுத்து, ரோஸ்லின் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்ப்பேன். முதலில் அவள் பல்லைப் பார்ப்பேன், பட்டைப் பார்ப்பேன். பேரன் பல் டாக்டருக்குப் படிப்பதால்தான் இப்படி இளிக்கிறாளோ என்று திட்டுவேன். என் கையைப் பார்ப்பேன், தோசைக்கல் சுட்ட தழும்பு தெரிகிறது. போன வாரம் அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்த நாற்காலி கண்ணில் பட்டது. ஆத்தூருக்கு உன்னோடு வந்து, முதுகு நேராக நிற்கிறதா என்று தட்டிப் பார்த்து நான் தேர்ந்தெடுத்த நாற்காலி. தினமும் துடைத்திருக்கிறேன், வந்தவர்களுக்கு இழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை, தம்பி. பந்தி எல்லாம் முடிந்து, அடுக்களையில் பால் பாக்கெட் வரும் பிளாஸ்டிக் கிரேட்டைக் கவிழ்த்துப் போட்டுச் சாப்பிடுவதுதான் எனக்குப் பழக்கம். உட்காராதே என்று நீ சொன்னதில்லை. உட்கார் என்றும் சொன்னதில்லை, எனக்கும் தோன்றியதில்லை. அவளுக்குத் தோன்றியது. அவள் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தவிதம் இருக்கிறதே, அதுதான் என்னை ஒரு மாதமாக அரிக்கிறது.

அதனால் கேட்டுக்கொள். அந்த அரை நாள் நான் பேசி வாங்கியது. மாடி ஹாலை அவள் கொஞ்ச நேரத்தில் எடுத்துவிடுவாள், மிச்சம் எனக்கு வேண்டும். நான் முதல் பஸ்ஸுக்கே வந்துவிடுவேன். கடுகு நிறப் பட்டைத் தேய்த்து வைக்கச் சொல். சாயங்காலம், மழை என்ற பேச்செல்லாம் வேண்டாம், காலை வெயிலில் அதே ஜன்னல், அதே மேசை. அந்த நாற்காலியில் நான் உட்காருவேன். பிலோமினா அக்காவுக்கு நீயே ஃபோன் போடு. "பெரியம்மா, மறுபடி படம் எடுக்குறோம், வாங்க" என்று மட்டும் சொல், வேறொன்றும் சொல்லாதே. புதுப் பட்டோடு வந்து இறங்குவாள். அவள் கையில் டம்ளரையும் டபராவையும் கொடுத்து என் பக்கத்தில் நிற்க வை. அவளுக்கு நுரை நிற்காது. நிற்கும் வரைக்கும் ஊற்றட்டும், நான் கண்ணை மூடிக்கொள்கிறேன். முடியாது என்று அவள் முறுக்கிக்கொண்டு போனால் நீ ஊற்று. கல்லாவில் யார் வந்தாலும் நிற்கட்டும். படத்தில் கை மட்டும் விழுந்தால் போதும். உன் சுண்டுவிரல் உன் அப்பாவுடையது போலவே வளைந்தது. எனக்கு அடையாளம் தெரியும்.

பழைய படத்தை எடுத்துவிடாதே. அதைப் பார்த்து ஆள் வருகிறது என்கிறாய், இருக்கட்டும், இரண்டாவதாக இருக்கட்டும். புதுப் படத்தை அதற்கு மேலே ஏற்று. ஏற்றியதும் எனக்கு அனுப்ப அவசரப்படாதே, நான் உன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். முதலில் அரியலூருக்கு அனுப்பு.

உன் அம்மா